சிவப்பு மருந்துக்கு ஒரு பெயர் இருக்கிறது

என் பெரியம்மாவுக்குக் கேன்சர் என்ற விஷயம் எங்கள் குடும்பத்தில் பதினேழு பேருக்குத் தெரியும். பதினெட்டாவது ஆளுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பதினெட்டாவது ஆள், பெரியம்மா.

'மார்புல சின்னக் கட்டிம்மா. எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்க சில ஊசி போடணும், அவ்வளவுதான்' என்று அண்ணன் சொன்னான். பெரியம்மா தலையாட்டினார். அவர் எட்டாவது வரை படித்தவர். வாரப் பத்திரிகைகளை அட்டை டு அட்டை படிக்கிறவர். ஆகவே ஆஸ்பத்திரி போர்டில் 'புற்றுநோய்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிடக் கூடாதென்று காரைப் பக்கத்து வாசல் வழியாக விடச் சொன்னோம். ஃபைல் அவர் கண்ணில் படாமல் இருக்க அதை என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். ஆமாம், அந்தப் பதினேழு பேரில் நானும் ஒருவன். அதனால் இந்த வாரம் நான் திட்டப்போகிற ஆட்களில் முதல் ஆள் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஊசி நாள். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்துப் பெரியம்மா கேட்டார். 'இது என்னடா தம்பி, ரோஸ்மில்க்குக்கு ஊத்துற எசென்ஸ் மாதிரி இருக்கு?'

'சத்து மருந்து பெரியம்மா' என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்துவிட்டார். இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்து, 'எதுக்கும் உன்கிட்ட இருக்கட்டும்' என்றாராம். அந்த மருந்து போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் அப்படித்தான் போகும், மருந்தின் நிறம்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் சொல்ல முடியாது. சத்து மருந்து ஏன் சிவப்பாகப் போகிறது என்று அடுத்த கேள்வி வருமே!

இரண்டாவது ஊசி போட்ட பதினோராம் நாள் காய்ச்சல். 'ஊசி போட்ட சூடு' என்று முடிவு செய்து ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டார். காய்ச்சல் இறங்கியது. ராத்திரி ஏறியது. இன்னொரு மாத்திரை. பிள்ளை ஆபீஸ் விட்டு அலுத்து வந்திருக்கிறான், எதற்குத் தொந்தரவு என்று எழுப்பவில்லை. விடிகாலையில் உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் நான்கு நாள். ஐந்தாம் நாள் இல்லை.

ஐ.சி.யூ. டாக்டர் கேட்டார். 'காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு சொல்லியிருந்தாங்களே?'

சொல்லியிருந்தார்கள். எங்களிடம். டிஸ்சார்ஜ் பேப்பரிலும் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தார்கள். பேப்பர் என் தோள்பையில் பத்திரமாக இருந்தது.

* * *

கேன்சர் அவரைக் கொல்லவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த நேரத்தில் வந்த ஒரு தொற்று கொன்றது. முதல் ராத்திரியே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காமல் செய்தது எங்கள் பாசம். இதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன். நோயாளியிடம் மருந்தின் பெயரை மறைப்பது அன்பு இல்லை, ஆபத்து. குடும்பமே மறைத்தாலும் சரி, ஆஸ்பத்திரி அவசரத்தில் சொல்லாமல் விட்டாலும் சரி.

'கீமோ போட்டிருக்கு' என்கிறோம். கீமோ என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. 'டிபன் சாப்பிட்டேன்' என்றால் இட்லியா, பூரியா, பொங்கலா? கீமோ என்ற சொல்லுக்குள் டஜன் கணக்கில் மருந்துகள் இருக்கின்றன. ஒன்று இதயத்தைப் பார்க்கும், ஒன்று கிட்னியைப் பார்க்கும், ஒன்று கை கால் விரல்களை மரத்துப்போகச் செய்யும். எது உங்கள் உடம்புக்குள் போகிறது என்று தெரியாமல் எதற்கு ஜாக்கிரதையாக இருப்பீர்கள்?

பெரியம்மாவுக்குப் போட்ட அந்தச் சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். மார்பகப் புற்றுநோய், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோயில் சில வகைகள் என்று பலவற்றுக்கும் பல வருஷங்களாகப் பயன்படுகிற மருந்து. பிறந்த கதை சுவாரஸ்யமானது. இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டை இருக்கும் வட்டாரத்து மண்ணிலிருந்து 1950-களில் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது உண்டாக்கிய சிவப்புப் பொருள் புற்று செல்களைக் கொன்றது. அதைத் திருத்தித் திருத்தி வந்ததுதான் டாக்ஸோரூபிசின். பக்கத்தில் இருக்கும் ஏட்ரியாட்டிக் கடலின் ஞாபகமாக ஏட்ரியாமைசின் என்றும் பெயர் வைத்தார்கள். 1974-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே நோயாளிகள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'சிவப்புப் பிசாசு'. பாருங்கள், அங்கே பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அந்த மருந்தோடு பழகியிருக்கிறார்கள். நாம் 'சத்து மருந்து' என்கிறோம்.

பிசாசு என்று பெயர் வைத்தாலும் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மருந்து இது. நான் மருந்துக்கு எதிராக எழுதவில்லை. 'கீமோவே விஷம், வேப்பிலையும் கோமியமும் போதும்' என்று சொல்கிறவர்கள் இந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டாம். கூர்மையான அரிவாள்மனையை யார் கையில் கொடுத்தாலும் 'பார்த்து, கூர்மையா இருக்கு' என்று சொல்லித்தானே கொடுப்போம்? அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்கிறேன்.

இந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்று செல் வேகமாகப் பெருகும். ஆனால் முடியின் வேர், வாயின் உள்தோல், ரத்த அணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜை எல்லாமும் வேகமாகப் பெருகுபவைதான். மருந்துக்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுகிறது. (சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.) அதனால்தான் வாய்ப்புண். அதனால்தான் வெள்ளை அணுக்கள் குறைகின்றன.

வெள்ளை அணுக்கள் ஊசி போட்ட அன்றைக்கே குறைவதில்லை. பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். பிறகு மெள்ள ஏறி இருபத்தோராம் நாள் சுமாராகப் பழைய நிலைக்கு வரும். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று கணக்கு வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆக, ஊசி போட்டு ஒரு வாரம் ஆச்சு, வாந்தி நின்றது, வாய்க்கு ருசி வந்தது, 'அப்பாடா, தாண்டியாச்சு' என்று எல்லோரும் நிம்மதியாகிற நேரத்தில்தான் உண்மையான ஆபத்து நாட்கள் ஆரம்பமாகின்றன. அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது காய்ச்சல் இல்லை, தீ விபத்து. பாரசிட்டமால் போட்டால் தெர்மாமீட்டரில் எண் இறங்கும், உள்ளே தீ எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். போன உடனே, 'இன்ன தேதியில் கீமோ போட்டது, இப்போ காய்ச்சல்' என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

எங்கள் வீட்டில் பதினேழு பேருக்குத் தெரிந்த ரகசியத்தில், இந்த 100.4 என்ற எண் ஒருத்தருக்கும் மனப்பாடமாகத் தெரியாது.

* * *

அடுத்து, கை. டாக்ஸோரூபிசின் ரத்தக்குழாய்க்குள் போனால் மருந்து. குழாயை விட்டு வெளியே கசிந்து சதைக்குள் போனால், சதையை அரிக்கும். அன்றைக்கே தெரியாமல் நாட்கள் கழித்துக்கூடப் புண்ணாகி, ஆபரேஷன் வரை போகலாம். இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய கருவி எது தெரியுமா? எந்த மானிட்டரும் இல்லை. நோயாளியின் வாய். 'எரியுது', 'இறுக்கமா இருக்கு', 'வீங்குது' என்று அவர் சொன்ன நிமிஷமே மருந்தை நிறுத்த வேண்டும். குளிர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். இதற்கென்று டெக்ஸ்ராஸோக்ஸேன் என்ற மாற்று மருந்து உண்டு, அதையும் ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் 'சத்து மருந்து' ஏற்றிக்கொண்டிருக்கும் அம்மா என்ன செய்வார்? கொஞ்சம் எரிச்சல்தானே என்று பல்லைக் கடித்துக்கொள்வார். நம் அம்மாக்களுக்குத்தான் பல்லைக் கடித்துக்கொள்வதில் ஆயுள் முழுக்கப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறோமே!

இன்னொரு விஷயம். வின்கிரிஸ்டின் என்று வேறொரு கீமோ மருந்து. அது கசிந்தால் குளிர் ஒத்தடம் கூடாது, வெது வெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டும். முதலுதவியே மருந்துக்கு மருந்து தலைகீழாக மாறுகிறது. பெயர் தெரியாமல் ஒரு ஒத்தடம்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, இதயம். டாக்ஸோரூபிசினுக்கு ஆயுட்கால அளவு என்று ஒன்று உண்டு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று கணக்கு. மொத்தமாக 450 முதல் 550 வரை போனால் இதயத் தசை பலவீனமாகும் அபாயம் கூடிக்கொண்டே போகும். மார்பில் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால் எல்லை இன்னும் கீழே. ஊசிக்கு முன்னால் எக்கோ எடுக்கச் சொல்வது ஆஸ்பத்திரி பில்லை ஏற்றுவதற்காக அல்ல, இதற்காகத்தான்.

சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 155 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணின் உடல் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 96 மில்லிகிராம். நான்கு தடவை முடிந்தால் சதுர மீட்டருக்கு 240. பாதி கோட்டா காலி. இந்தக் கணக்கு பேங்க் பாஸ்புக் மாதிரி. டாக்டர் மாறலாம், ஊர் மாறலாம், ஆஸ்பத்திரியே மாறலாம். ஏழெட்டு வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர், 'முன்னாடி என்ன மருந்து போட்டாங்க?' என்று கேட்டால், 'சிவப்பா ஒரு ஊசி சார்' என்று சொன்னால் அவர் எந்தக் கணக்கில் எதைக் கழிப்பார்? பாஸ்புக்கை எப்போதாவது கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு வருவீர்களா?

பெயர் தெரிந்தால் இன்னொரு லாபம், விலை. டாக்ஸோரூபிசின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கும் மருந்து. அந்தப் பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கும் 2019-ல் மத்திய அரசு 30 சதவிகித வர்த்தக லாப வரம்பு கொண்டுவந்தது. அதன் பிறகு பல பிராண்டுகளின் விலை சரிந்தது. பில்லில் 'கீமோ சார்ஜ்' என்று ஒற்றை வரியில் ஒரு தொகை இருந்தால் இதில் எதையும் நீங்கள் சரிபார்க்க முடியாது.

* * *

இப்போது உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். எனக்குத் தெரியும், ஏனென்றால் இவை எல்லாம் என் ஆட்சேபணைகளாகவும் இருந்தவை.

'பெரியவங்க மனசு உடைஞ்சிடும் சார். நோயைவிட பயமே கொன்னுடும்.'

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், எதிர்வீட்டு அம்மா என்னிடம் சொன்னார். 'உங்க பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும் தம்பி. முதல் ஊசிக்கு முன்னாடியே தெரியும். பக்கத்துக் கட்டில் பொம்பளை சொல்லியிருக்கா. பசங்க இவ்வளவு பாடுபட்டு மறைக்கறாங்க, தெரியும்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு தெரியாத மாதிரியே இருந்தா.'

யார் மனசு உடைந்துவிடும் என்று யார் காப்பாற்றினோம், பாருங்கள். அவரால் காய்ச்சலைப் பற்றிக் கேட்க முடியவில்லை. கேட்டால் 'தெரியும்' என்பது தெரிந்துவிடும். எங்களால் சொல்ல முடியவில்லை. சொன்னால் 'கேன்சர்' என்பது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நாடகம். நடுவில் இருந்த உயிர்தான் போனது.

தெரியாத பயத்தைவிடத் தெரிந்த பயம் சின்னது. முடி கொட்டும் என்று முன்பே தெரிந்தவர் அழுதுவிட்டு ஒரு பருத்தித் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிறார். தெரியாதவர் ஒரு காலையில் தலையணையைப் பார்த்து அலறுகிறார். உண்மையைக் கேட்க விரும்பாதவர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'எனக்கு எதுவும் சொல்லாதீங்க, பையன்கிட்ட சொல்லுங்க' என்று ஒருவர் தானே சொன்னால் அது அவர் உரிமை. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும். அவர் சார்பில் பதினேழு பேர் கூடி முடிவெடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவரிடம்கூட 'காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே எழுப்பு, கை எரிந்தால் அந்த நிமிஷமே சொல்லு' என்ற இரண்டை மட்டுமாவது சொல்லியே ஆக வேண்டும்.

'டாக்டருக்கு நேரமில்லை சார். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க.'

உண்மைதான். அவர்கள் படும் பாட்டை நானும் பார்த்தேன். பெரியம்மாவுக்கு ஊசி போட்ட சிஸ்டர் மத்தியானம் மூன்று மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்தேன். அதனால்தான் நான் டாக்டரின் நேரத்தைக் கேட்கவில்லை, ஒரு தாளைக் கேட்கிறேன். தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம். மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது தடவை, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், ராத்திரியில் கூப்பிட ஒரு போன் நம்பர். கல்யாணப் பத்திரிகையில் பதினைந்து பக்கத்து உறவுகளின் பெயரைப் பிழையில்லாமல் அச்சடிக்கத் தெரிந்த ஊருக்கு இது ஒரு பெரிய காரியமா?

'நாங்க கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியிருக்கோமே' என்று ஆஸ்பத்திரிகள் சொல்லும். யார் கையெழுத்து? பெரியம்மாவுக்கு அண்ணன் போட்டான். பெரியம்மா மயக்கத்திலா இருந்தார்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, புத்தி தெளிவாக உள்ள ஒரு பெரியவரின் உடம்புக்கு அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது கோர்ட். அம்மா கொடுத்ததே செல்லாது என்றால் பிள்ளை போட்ட கையெழுத்து மட்டும் என்ன கணக்கு?

ரெக்கார்டு கேட்டால் தர மாட்டேன் என்பார்கள் என்ற பயமும் வேண்டாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட ஒழுங்குமுறை விதிகள்படி நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். தர்மத்துக்குத் தருவது இல்லை, தர வேண்டியது.

'எல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சார், தப்பே நடக்காது.'

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பெட்ஸி லேமன் என்ற பெண், அங்கே உள்ள பெரிய பத்திரிகையான பாஸ்டன் குளோபில் மருத்துவப் பத்தி எழுதியவர். வயது 39. மார்பகப் புற்றுநோய். உலகத்தின் முதல் வரிசைப் புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றான டேனா ஃபார்பரில் சேர்ந்தார். கணவரும் அங்கேயே வேலை பார்த்த விஞ்ஞானி. இதைவிடப் 'பெரிய இடத்துச் சிபாரிசு' இருக்க முடியுமா? நான்கு நாளைக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சைக்ளோபாஸ்ஃபமைட் மருந்தின் மொத்த அளவைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒவ்வொரு நாளும் கொடுத்துவிட்டார்கள், நான்கு நாளும். ஏதோ தப்பு நடக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. 1994 டிசம்பர் 3-ம் தேதி இறந்தார். தவறு வெளியே வந்தது 1995 பிப்ரவரியில், அதுவும் வழக்கமாகப் பதிவேடுகளைச் சரிபார்த்தவர்கள் கண்ணில் பட்டதால்.

'பார்த்தீங்களா, அவ்வளவு விஷயம் தெரிஞ்சவங்களையே காப்பாத்த முடியலையே, தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?' என்று கேட்கத் தோன்றும். நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். தெரிந்தவர் வாய்விட்டுச் சொல்லியும் தப்பு நடக்கிறது என்றால், ஒன்றுமே தெரியாமல் வாய்மூடி உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? லேமன் இறந்தது அமெரிக்காவையே உலுக்கியது. மருந்து அளவைச் சரிபார்க்கும் முறைகள் மாறின. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நோயாளிப் பாதுகாப்புக்கென்று அவர் பெயரிலேயே ஒரு அரசு அமைப்பு இயங்குகிறது. நம் ஊரில் அப்படி ஒரு தவறு நடந்தால் 'விதி' என்று சொல்லி மாலை போட்டுவிடுவோம். தவறு நடந்தது என்று தெரிவதற்கே முதலில் மருந்தின் பெயர் தெரிய வேண்டுமே!

இந்த மௌனம் கேன்சர் வார்டோடு நிற்பதும் இல்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. அது உருவான ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து அமெரிக்கா போனவர். கேன்சருக்கு வந்த அந்த மருந்தைக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதைத் தினமும் என்று நினைத்து விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிர்விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. சீட்டில் எழுதியதை மெடிக்கல் ஷாப் பையன் சொல்லும் அவசரத்தில், 'தினமும் ஒண்ணு' என்று காதில் விழுந்தால் போச்சு. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால், இப்போதே எழுந்து போய் எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்பதை அட்டையின் மேல் பேனாவால் எழுதுங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

* * *

சரி, என்ன கேட்க வேண்டும்? நீளமாக ஒன்றும் இல்லை. முதல் ஊசிக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயாளியின் பெயர், உயரம், எடை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள். பிறகு இந்தக் கேள்விகள்.

என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை தடவை? பிராண்ட் பெயர் மட்டும் போதாது, மருந்துப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின், டானோரூபிசின், எபிரூபிசின் என்று காதில் விழும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்றும் வேறு வேறு, அளவும் வேறு வேறு. லைப்போஸோமல் டாக்ஸோரூபிசின் என்று இன்னொன்று. அதையும் சாதா டாக்ஸோரூபிசினையும் ஒன்றுக்கு இன்னொன்றாகப் போட முடியாது.

எதற்காகப் போடுகிறோம்? முழுமையாகக் குணப்படுத்தவா, திரும்ப வராமல் தடுக்கவா, வலியைக் குறைத்து நாட்களை நீட்டவா? கேட்கக் கஷ்டமான கேள்வி. ஆனால் எந்த ஊருக்கு டிக்கெட் என்று தெரியாமல் பஸ் ஏறுகிறவர் உண்டா?

ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, எக்கோ ரிப்போர்ட் பார்த்தாச்சா? கல்லீரல் சரியில்லாவிட்டால் இந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும்.

எந்த நாட்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? ராத்திரி காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன்? எங்கே வர வேண்டும்?

வாந்திக்கு என்ன கொடுக்கிறீர்கள்? வாந்தியைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. 'கீமோன்னா வாந்தி வரத்தான் செய்யும்' என்று சகித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் இன்னொன்று உண்டு, சொன்னால்தான் மாற்றுவார்கள்.

வயது சின்னது என்றால், பின்னால் குழந்தை பெற்றுக்கொள்வது பற்றி முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கலாம். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், பப்பாளி இலைச்சாறு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் சொல்லுங்கள். திட்டு உடம்புக்குக் கெடுதல் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஊசி போட்ட பிறகு இரண்டு நாளைக்கு நோயாளியின் சிறுநீர், வாந்தியைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். அது மருந்துக்காக, நோய்க்காக இல்லை. கேன்சர் ஒட்டிக்கொள்ளாது. தனித் தட்டு, தனி டம்ளர், பேரக்குழந்தையை மடியில் விடாதே என்ற கொடுமையெல்லாம் வேண்டாம். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பெயர், அளவு என்று மூன்றே விஷயம் எழுதி, மருந்தை ஏற்றுவதற்கு முன் சிஸ்டரிடம், 'அந்த லேபிளைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சிஸ்டர்' என்று சொல்லுங்கள். நல்ல சிஸ்டர் சந்தோஷமாகப் படிப்பார். கோபித்துக்கொள்கிறவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். அதிகாரமாகக் கேட்க வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள். நம்ம ஊரில் கிலோ கத்தரிக்காய்க்குத் தராசு முள்ளை எட்டிப் பார்க்கிறோம். ஆட்டோ ஏறும் முன் இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்கிறோம். உடம்புக்குள் போகிற மருந்தை மட்டும் 'டாக்டருக்குத் தெரியாதா' என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறோம். இது மரியாதை இல்லை, சோம்பேறித்தனம். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சோம்பேறித்தனம்.

அந்த நோட்டு யாரிடம் இருக்க வேண்டும்? பிள்ளையின் பையில் இல்லை. மருமகளின் பீரோவில் இல்லை. நோயாளியின் தலைமாட்டில்.

இந்த நேரத்தில் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, ஆபீஸ் நண்பரின் வீட்டிலோ ஒருவருக்குக் கீமோ போய்க்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கத்தை மூடியதும் அவரிடம் போய், 'என்ன மருந்து போடறாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்னால் சந்தோஷம். தெரியாது என்றால் நாளைக்கே தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள், அவரிடமே. சங்கடமாக இருக்கும், பேச்சு தொண்டையில் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

நான் சொல்லாமல் விட்டேன். பெரியம்மாவின் ஃபைல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.